சேஞ்ஓவர் என்றால் சுவிட்ச் இல்லை

அய்யா துணை

இரணியல்,
ஆடி 5, செவ்வாய்.

அன்பு மகன் விபினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் முறை, ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்பது எனக்கு இப்போது சத்தியமாகத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். ஆளுக்கொரு போன் இருக்கிற காலத்தில் அம்மா என்னத்துக்குத் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டில் உன்னிடம் பேசுவதென்றால் அது அப்பாவின் ஸ்பீக்கர் போன்தான். ஆஸ்திரேலியா வரைக்கும் கேட்க வேண்டுமே என்று அவர் கத்துகிற கத்தலில் ரோட்டில் போகிறவனுக்கும் உன் சுகம் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் போனையும் அவரே திறந்து, நான் உனக்கு எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டுவார். அதனால் இதை எழுதி, நானே ஒட்டி, நானே தக்கலை போஸ்ட் ஆபீசில் போடப் போகிறேன். நீ கூப்பிட்டுப் பதினோரு நாள் ஆகிறது. வாட்ஸ்அப்பில் காலையில் கும்பிடுகிற கைப் படம் ஒன்று, சாயங்காலம் 'பிஸிம்மா' என்று ஒரு சொல், அவ்வளவுதான் வருகிறது. 'பயலுக்கு வேலை ஏறிப்போச்சு, பெரிய எடத்துல இருந்தா அப்படியாக்கும்' என்று அப்பா பெருமைப்படுகிறார். நீ ஏன் கூப்பிடவில்லை என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்குத்தான் தெரியாது.

வீட்டுச் சங்கதி சொல்லிவிடுகிறேன். மழை விட்டும் விடாமலும் பெய்கிறது. பின்புறத்துப் பலாவில் வரிக்கைச் சக்கை இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது, தின்ன ஆள் இல்லாமல் ஊருக்கெல்லாம் கொடுத்தாயிற்று. ஆவணி ஏழாம் தேதி உனக்கு நிச்சயம் என்பதால் அப்பா காம்பவுண்டு சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார். ஆள் விட்டு அடித்தால் சரியாக இருக்காதாம், அவரே அடிக்கிறார். மஞ்சள் என்று வாங்கிக்கொண்டு வந்தார், சுவரில் ஏறியதும் அது வேறு என்னவோ நிறமாகிவிட்டது, காய்ந்தால் சரியாகும் என்கிறார், காய்ந்து ஆறு நாள் ஆகிறது. பெண் வீட்டார் வரும்போது அந்தச் சுவரைப் பார்க்காமல் இருக்க அய்யாதான் வழி செய்ய வேண்டும்.

இனி நான் வேலைக்குப் போகிற கதை. நாலு மாதம் ஆகிறது. அப்பா உன்னிடம் சொன்னது 'ஒரு ஆஸ்திரேலியா கம்பெனிக்க கஸ்டமர் கேர்' என்று. அது பொய் இல்லை, பொய்யின் சித்தப்பா மகன். உண்மையில் அது லாரி ஆபீஸ். உங்கள் ஊரில் ஓடுகிற லாரிகளுக்கு, இங்கே தக்கலையில் துணிக்கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு, எங்கே லோடு ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும், எத்தனை மணிக்கு என்று டிரைவர்மாருக்குப் போனில் சொல்கிற வேலை. டிஸ்பாட்சர் என்று பெயர். காலை நாலரைக்கு வேன் வரும், ஐந்து மணிக்கு ஹெட்போனை மாட்டினால் மதியம் ஒரு மணிக்குக் கழற்றுவேன். கேஸ் ஏஜென்சியில் பத்தொன்பது வருஷம் 'சிலிண்டர் எப்ப வரும்' என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்ன வாய் இது, இந்த வாய்க்கு லாரி ஒரு பெரிய காரியமா என்றுதான் என்னை எடுத்தார்கள். ஆனால் 'லாரி ஆபீஸ்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லப்பிடாது, நிச்சயம் முடியட்டும், கேட்டா லாஜிஸ்டிக்ஸுன்னு சொல்லு' என்பது அப்பாவின் உத்தரவு. லாரி என்று சொல்ல நாக்கு கூசுகிறவர்களுக்காகவே இந்த லாஜிஸ்டிக்ஸ் என்ற சொல்லை உண்டாக்கியிருக்கிறார்கள். அந்தச் சொல்லை நம் வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவன் நீ, ஓர்மை இருக்கிறதா?

பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் என்று நினைத்துக்கொண்டு போனேன். போன பிறகுதான் தெரிந்தது, நான் படித்த இங்கிலீஷ் வேறு, லாரிக்காரர்களின் இங்கிலீஷ் வேறு. பிரைம் மூவர், பிரைம் மூவர் என்று எல்லோரும் சொல்ல, பிரைம் மினிஸ்டர் போல ஏதோ பெரிய பதவியில் உள்ள ஆள் என்று நினைத்து இரண்டு நாள் அவர் பேச்சு வந்தாலே நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசியில் பார்த்தால் அது லாரியின் தலை, பின்னால் பெட்டி மாட்டாமல் எஞ்சினும் சீட்டும் உள்ள முன்பாகம். ஒருத்தர் 'ஸ்மோகோவில் இருக்கேன்' என்றார், இந்த வயதில் இவ்வளவு பீடி குடித்தால் நெஞ்சு என்ன ஆகும் என்று நான் வருத்தப்பட்டேன். ஸ்மோகோ என்றால் சாயை குடிக்கிற இடைவேளையாம். இதெல்லாம் போகட்டும், நாய் கதையைக் கேள். ஒரு டிரைவர் 'டிரக் அண்ட் டாக் கொண்டு வருகிறேன்' என்றார். ஐயோ பாவம், நாயையும் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் வருகிறாரே என்று, ஜல்லி இறக்குகிற இடத்துக்கு நான் ஒரு மெயில் போட்டேன்: டிரைவருடன் நாய் வருகிறது, கட்டிப்போட நிழலான இடமும் குடிக்கத் தண்ணீரும் தந்து உதவவும் என்று. அங்கேயிருந்து பதில் வந்தது, உங்கள் நாய்க்கு எத்தனை டயர் என்று. டிப்பர் லாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிற இன்னொரு பெட்டிக்குத்தான் நாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நன்றாக இருப்பார்கள்! எங்கள் டீம் லீடர் சிந்தியா, குளச்சல்காரி, உன்னைவிட இரண்டு வயது இளையவள், மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். சிரித்து முடித்து, 'ஆன்டி, இனி நாய் வந்தா எனக்கிட்ட ஒரு வாக்கு கேளுங்க' என்றாள். அன்றிலிருந்து அப்பாவின் பழைய கரண்ட் ஆபீஸ் டைரியில் சொல் சொல்லாக எழுதிப் படிக்கிறேன். அறுபது வயதுக் கிழவன் ஒருத்தன் போனை வைக்கும்போதெல்லாம் 'தேங்க்யூ லவ்' என்கிறான், அங்கே எல்லோரையும் அப்படித்தான் சொல்வார்களாம். அதை மட்டும் அப்பாவிடம் சொல்லவில்லை.

என் கையில் பதினாலு டிரைவர்மார். முக்கியமான வேலை லோடு இல்லை, உறக்கம். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தவன் ஏழு மணி நேரம் தொடர்ச்சியாக வண்டியை நிறுத்திப் படுக்க வேண்டும், படுத்தானா என்று நான் கேட்டு எழுத வேண்டும், இல்லையென்றால் அவனுக்கு லோடு கொடுக்கக் கூடாது. முதலில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. யாரோ பெற்ற பிள்ளைகளிடம் தினமும் காலையில் உறங்கினாயா, உறங்கினாயா என்று கேட்பதற்கு எனக்குச் சம்பளம். கண் அயர்ந்து ஒரு வண்டி ரோட்டை விட்டு இறங்கிப்போன படம் ஒன்றை டிரெயினிங்கில் காட்டினார்கள், அதற்குப் பிறகு வேடிக்கை போய்விட்டது.

இப்படி நான் சொல் சேர்த்துக்கொண்டு வந்ததில்தான், மக்கா, உன் சொல் ஒன்று வந்து மாட்டியது. ஒரு புதன்கிழமை சிந்தியா எனக்கு அடிலெய்டுக்கும் பெர்த்துக்கும் ஓடுகிற வண்டிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தாள். 'இந்த ஊர்ல இருந்து ஒரு வண்டி புறப்படும், அந்த ஊர்ல இருந்து ஒண்ணு, நடுவழியில ரெண்டும் சந்திக்கும், பெட்டிய கழற்றி மாத்தி மாட்டிட்டு அவனவன் அவனவன் ஊருக்குத் திரும்புவான், இதுதான் ஆன்டி சேஞ்ஓவர்' என்றாள். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. 'இன்னிக்கு சேஞ்ஓவர் இருக்கும்மா, பெறகு கூப்பிடுதேன்' என்று இரண்டு வருஷமாக நீ சொல்லிக்கொண்டிருக்கிறாய். அப்பா உடனே எனக்கு விளக்கம் கொடுத்தார். கரண்ட் ஆபீஸ்காரர் அல்லவா, சேஞ்ஓவர் என்றதும் அவருக்குச் சேஞ்ஓவர் சுவிட்ச்தான் தெரிந்தது. 'மெயின் போச்சுன்னா ஜெனரேட்டருக்கு மாத்துவோம்லா, அதே மாதிரி ஒரு மேனேஜர் லீவு போட்டா அந்த லோடு முழுசும் எனக்க மவன்மேல மாத்தி விடுதாவ' என்றார். நானும் நம்பினேன். இவ்வளவு பேர் லீவு போடுகிற கம்பெனியாக இருக்கிறதே என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை.

அன்றைக்கு வேனில் வரும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. 'நல்லார்பர் தாண்டி வந்தேன்' என்று நீ சொன்னதை அப்பா நல்ல ஹார்பர் என்று எடுத்துக்கொண்டார். குளச்சலைவிட நல்ல ஹார்பர், கப்பலில் சரக்கு ஏற்றுவதை மேற்பார்வை பார்க்கப் போயிருக்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். ஆபீஸ் மேப்பில் பார்த்தேன். அது ஒரு மரம் மட்டை இல்லாத பெரிய வெட்டவெளி, அதன் நடுவில் ஒரு ரோடு. இன்னொன்று, போன வருஷம் 'எம்.சி. பாஸ் ஆயிட்டேன்' என்று நீ சொன்ன அன்றைக்கு அப்பா லட்டு வாங்கி வந்தார். உன் கல்யாணக் குறிப்பில் பி.காம்., எம்.பி.ஏ., எம்.சி. என்று அச்சடித்திருக்கிறது, போய்ப் பார், நாற்பது பிரதி எடுத்தோம். 'எம்.பி.ஏ.க்கு மேல உள்ள படிப்பாக்கும்' என்று புரோக்கரிடம் சொன்னார். இரண்டு மூன்று பெட்டி சேர்த்து மாட்டின லாரியை ஓட்டுகிறதற்கு உண்டான லைசென்சுக்குத்தான் அந்த ஊரில் எம்.சி. என்று பெயர், என் டிரைவர்மாரில் ஏழு பேருக்கு அது இருக்கிறது. ஏழு பேரும் பள்ளிக்கூடம் தாண்டாதவர்கள். நீ ஒருத்தன்தான் எம்.பி.ஏ. முடித்து அதற்கு மேல் படித்திருக்கிறாய்.

ஒரு வேளை நான் தப்பாக நினைக்கிறேனோ என்று எனக்கு ஒரு சின்ன ஆசை இருந்தது. அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிட்டபோது, சாப்பிட்டியா என்று கேட்பதற்குப் பதிலாக 'மக்கா, ஸ்மோகோ ஆச்சா?' என்று கேட்டேன். நீயும் கொஞ்சமும் யோசிக்காமல் 'ஆச்சும்மா, இனி ஏழு மணி நேரம் வண்டி எடுக்கப்பிடாது, பெர்த் வண்டி இன்னும் வரல்ல' என்றாய். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உனக்கே உறைத்திருக்கும். நடுவில் அப்பா 'ஸ்மோகோன்னா என்னது, டிபனா?' என்று கத்தினார். நீ சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாய். சிக்னல் இல்லாதவன் சிக்னல் இல்லை என்று எப்படிச் சொல்வான் என்று அப்பா யோசிக்கவில்லை, பாவம், அவருக்கு அன்று பெயின்ட் வாங்குகிற அவசரம்.

உன்னைக் குற்றம் சொல்லித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். நீ முதலில் சொன்னது ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது என்று மட்டும்தான். அது உண்மை. அதை ஆபீசர் ஆக்கியது அப்பா, மறுவாரம் மேனேஜர் ஆக்கியதும் அப்பா, நீ செய்ததெல்லாம் இல்லை என்று சொல்லாமல் இருந்தது. படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் நீ எவ்வளவு அலைந்தாயோ, முதல் தடவை அந்த வண்டியில் ஏறும்போது என்ன நினைத்தாயோ, அதை ஒருத்தரிடமும் சொல்ல முடியாமல் போயிற்றே என்று நினைத்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. உன் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. எனக்கு லாரி கேவலம் இல்லை விபின். என் பதினாலு பேரும் கேவலமானவர்களா? என்னை அரிக்கிறது வேறு. இரண்டு வருஷமாக நான் கேட்டதெல்லாம் சோறு தின்றாயா, கறி என்ன, அங்கே குளிரா என்று. யாரோ பெற்ற பிள்ளைகளிடம் கேட்கிறதை உன்னிடம் நான் ஒரு நாளும் கேட்கவில்லை. உன் டிஸ்பாட்சர் கேட்டிருப்பாள் என்று நம்புகிறேன். அவள் யாரோ, எந்த ஊர் மாடியில் இருக்கிறாளோ, அவள் நன்றாக இருக்கட்டும்.

இனி பெண் வீட்டு விஷயம், இதுதான் எனக்கு உறக்கம் வராத விஷயம். பிரிஜாவுடைய அப்பா முருகதாஸ் கொட்டாரத்தில் வாழைக்குலை மொத்த வியாபாரம் என்று உனக்குத் தெரியும். தினமும் லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டுகிற மனிதர். முதல் தடவை நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாயை குடித்துக்கொண்டே, 'இந்த டிரைவர்மார நம்பப்பிடாது கேட்டேளா, சொன்ன நேரத்துக்கு ஒருத்தனும் வரமாட்டான்' என்றார். அப்பா உடனே காலை ஆட்டிக்கொண்டு 'எனக்க மவனுக்குக் கீழ அப்படி நூறு டிரைவர்மாராக்கும்' என்றார். நூறு! அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது, நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். அது மன்னிக்கக் கூடியது. மன்னிக்க முடியாதது போன சனிக்கிழமை நடந்தது. நான் வேலை முடிந்து இறங்கி வருகிறேன், தக்கலை பஸ் ஸ்டாண்டில் பிரிஜா. அங்கே லேபில் வேலை செய்கிறாள் அல்லவா, சாப்பாட்டு நேரம். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். 'மாமி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கப்பிடாது, அவ்வோ அங்க என்ன வேலை பாக்காவ? போன்ல கேட்டா அது போர் அடிக்கும்னு பேச்ச மாத்துதாவ' என்றாள்.

எனக்கு எல்லாம் தெரியும் அந்த நேரம். எல்லாம் தெரிந்துகொண்டு, அவள் கண்ணைப் பார்த்து, 'லாஜிஸ்டிக்ஸ் மக்களே' என்றேன். அதோடு விட்டேனா? அவள் அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். நான் பத்து நிமிஷம் பேசினேன். லோடு பிளானிங் என்றேன், பேக்லோடு என்றேன், திரும்பி வருகிற வண்டி காலியாக வராமல் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என்றேன், நாலு மாதம் டைரியில் எழுதிப் படித்த சொல் அத்தனையும் வரிசையாக வந்து நின்றது. எல்லாம் என் வேலை. உனக்கு மாட்டிவிட்டேன். அந்தப் பிள்ளை நிம்மதியாகச் சிரித்துவிட்டு, 'மாமிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே' என்று சொல்லிப் போனாள். வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பொய் சொல்வதற்குத்தான் நான் இந்தத் தொழிலைப் படித்தேன் என்று ஆகிவிட்டது.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு முந்தி என்னைப் பெண் பார்க்க வந்தபோது உன் ஆச்சி என் அம்மாவிடம் சொன்னது, 'கரண்ட் ஆபீஸ்ல எனக்க மவன் கை வச்சாத்தான் இந்த ஊர்ல லைட்டு எரியும்' என்று. மாப்பிள்ளை ஆபீசர் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், பந்தல்கூடப் பிரிக்கவில்லை, காற்றில் கம்பி அறுந்துவிட்டது என்று ஒருத்தர் சைக்கிளில் ஏணியோடு வந்து நின்றார். உன் அப்பா வேட்டியை மாற்றிக் காக்கி நிக்கர் போட்டு, இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, எதிர் முக்கில் நின்ற கரண்ட் போஸ்டில் ஏறினார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். உன் ஆச்சி சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை, அவர் கை வைத்ததும் லைட் எரிந்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். போஸ்டில் ஏறுகிறவர் என்று இல்லை, என்னை ஏமாளி ஆக்கிவிட்டார்களே என்று. உண்மையைச் சொன்னால், அந்தப் போஸ்டின் உச்சியில் வைத்துத்தான் அவரை நான் முதல் முதலாக முழுசாகப் பார்த்தேன், என்ன தைரியமான ஆள் என்று நினைத்தேன். அதைச் சொல்லியே பெண் கேட்டிருக்கலாம், நான் சம்மதித்திருப்பேன். சொல்லாததால் என்ன ஆயிற்று தெரியுமா, அதற்குப் பிறகும் அவருக்கு என்னிடம் உள்ளதைச் சொல்லி வரவில்லை. ஒக்கிப் புயல் அடித்தபோது போஸ்ட் எல்லாம் விழுந்து கிடந்த அந்த நாட்களில், 'ஆபீஸ்ல ஃபைல் பாக்கேன்' என்று போனில் சொல்லுவார். எந்த ஃபைலைப் பார்த்தாலும் இப்படித் தோள் உரியாது என்று நானும் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே ஒன்றும் கேட்க மாட்டேன். எந்தப் போஸ்டில் நிற்கிறார் என்று தெரியாமல் ஒரு ஆயுசு முழுக்கப் பயந்திருக்கிறேன் மக்கா. தெரிந்து பயப்படுவது வேறு, தெரியாமல் பயப்படுவது வேறு. அந்தப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

அதனால் என் பங்குப் பொய்யை நான் நேற்று தீர்த்துவிட்டேன். நேற்று மதியம் வேலை முடிந்ததும் நேராக பிரிஜாவின் லேபுக்குப் போனேன். 'நான் உனக்கிட்ட அன்னைக்குச் சொன்னது அத்தனையும் எனக்க வேலை, நான் லாரி ஆபீஸ்ல இருக்கேன், விபினுக்க வேலை வேற, அத அவனே உனக்கிட்டச் சொல்லுவான்' என்றேன். ஊசி மருந்து வாசம் அடிக்கிற அந்த அறையில் அவள் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். கோபமா வருத்தமா என்று எனக்கு விளங்கவில்லை. 'சொல்லட்டு மாமி, நான் கேக்கேன்' என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்ன வேலை என்பது உன் வாயில் இருந்துதான் வர வேண்டும். அவள் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லலாம், அதற்கு அவளுக்கு உரிமை உண்டு, அதை நீ தாங்கிக்கொள்ள வேண்டும், நாங்கள் இருக்கிறோம். முருகதாஸ் கத்துவார். அப்பா அவரைவிட அதிகமாகக் கத்துவார், இரண்டு நாள் சோறு தின்ன மாட்டார், பெயின்ட் வாளியை எட்டி உதைப்பார். மூன்றாம் நாள் உன்னைக் கூப்பிட்டு வண்டிக்கு எத்தனை டயர் என்று கேட்பார். முப்பத்தி நாலு என்று சொல். அதற்குப் பிறகு அவரை ஒருத்தரும் பிடித்து நிறுத்த முடியாது, திருவட்டாறு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர பன்னிரண்டு பதினாலு நாள் ஆகலாம், அதன் பிறகும் ஆவணி ஏழுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும். அதற்குள் நீ அப்பாவிடமும் பிரிஜாவிடமும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நான் நிச்சயத்தை நிறுத்த மாட்டேன், யாரிடமும் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன், ஆனால் தாம்பூலத் தட்டை என் கையால் எடுத்துக் கொடுக்க மாட்டேன். அம்மா எங்கே என்று அத்தனை பேர் முன்னால் அப்பா கேட்பார், அதற்கும் நீயே பதில் சொல்லிக்கொள். கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று கோபப்படாதே, உன் தலையில் கை வைத்து எழுதுவதாக நினைத்துக்கொள். அய்யா உன் வழியெல்லாம் கூடவே வருவார். வண்டியில் ஒரு பாட்டில் தண்ணீர் எப்போதும் அதிகமாக வைத்துக்கொள், அந்த வெட்டவெளியைப் பார்த்ததில் இருந்து எனக்கு அதே நினைப்பு. முதுகுக்கு வாங்கி அனுப்பின தைலத்தைத் திறக்காமல் வைத்திருந்தால் இப்போது எடுத்துத் தேய், அது யாருக்கு வேண்டும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நீ பெர்த் வண்டியோடு மாற்றிக்கொண்டு, அலுத்துப்போய் வீட்டுக்கு வந்துதான் இந்தக் கவரைப் பிரிப்பாய். படித்த வேகத்தில் போனை எடுக்காதே. இரண்டு வருஷம் சொல்லாததை இன்னும் ஏழு மணி நேரம் கழித்துச் சொன்னால் ஒன்றும் கெட்டுப்போகாது. முதலில் படுத்து உறங்கு மக்கா. எழும்பி, முகம் கழுவி, அதன் பிறகு அப்பாவைக் கூப்பிடு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
கோ. செல்லக்கனி,
லாரி ஆபீஸ், தக்கலை.